“அந்த வசனம் இந்தப் பதிப்பில் இல்லை” என்றார் நண்பர்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 27. சொந்த ஊர் நாசரேத். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். என்னோடு மதியம் சாப்பிடும் நண்பர் ஒருவர் இஸ்லாமியர், நல்ல மனிதர். “ஒரே கடவுள் என்கிறீர்கள், பிறகு மூவரைச் சொல்கிறீர்களே, உங்கள் வேதத்தில் அது எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய வசனத்தை, 1 யோவான் 5:7ஐ, உடனே சொன்னேன். “பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்.” மறுநாள் அவர் செல்பேசியில் திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பைத் திறந்து காட்டினார். அதே இடத்தில் அந்த வாக்கியம் இல்லை. “உங்கள் ஆட்களே பிற்காலத்தில் சேர்த்தது என்று ஒப்புக்கொள்கிறார்கள், படித்துப் பாருங்கள்” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு வாரமாக வேதாகமத்தைத் திறக்கவே மனமில்லை. அம்மாவிடம் சொன்னேன். “வாதம் பண்ணாதே, ஜெபம் பண்ணு” என்கிறார்கள். விசுவாசத்தைக் காத்துப் பேச வேதத்தை ஆராய்ந்து படித்தே ஆக வேண்டுமா? எளிய விசுவாசம் போதாதா? படிக்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்:

அன்புள்ள தம்பி, கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

முதலில் உங்கள் நண்பர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அந்த வசனத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. இதைச் சொல்ல நான் தயங்கவில்லை, நீங்களும் தயங்க வேண்டாம்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் புதிதாகப் பட்டம் பெற்ற ஆயராக ஒரு கிராம சபையில் திரித்துவ ஞாயிறு பிரசங்கம் செய்தேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதே திரித்துவம். நான் எடுத்துக்கொண்டதும் இதே வசனம்தான். ஆராதனை முடிந்ததும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் அறைக்கு வந்தார். கையில் பழைய ஆங்கிலத் திருத்திய பதிப்பு, 1881இல் வெளிவந்த புதிய ஏற்பாட்டின் மறுபதிப்பு. “ஐயா, இதில் அந்த வசனத்தைக் கொஞ்சம் தேடிக் காட்டுங்கள்” என்றார். தேடினேன், இல்லை. வேறு யார் காதிலும் விழாமல் தனியாக வந்து சொன்ன அந்தப் பெரியவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அன்று எனக்கு வந்த வியர்வை உங்களுக்கு இப்போது வந்திருக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த வாக்கியம் எப்படி உள்ளே வந்தது? யோவான் எழுதியது ஆவி, ஜலம், இரத்தம் என்ற மூன்று சாட்சிகளைப் பற்றி. எட்டாம் வசனத்தில் அது அப்படியே இருக்கிறது. லத்தீன் மொழியில் வேதம் வாசித்த சபைகளில் சிலர் இந்த மூன்றையும் திரித்துவத்துக்கு அடையாளமாக விளக்கினார்கள். அந்த விளக்கம் நாளடைவில் வசனத்தோடு சேர்ந்துகொண்டது. நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் பிரதிகள் உட்பட, பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் எதிலும் அது இல்லை. 1516இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அதைச் சேர்க்கவில்லை, 1519இலும் சேர்க்கவில்லை. எதிர்ப்பு எழுந்தது. அந்த வாக்கியம் உள்ள ஒரு கிரேக்கப் பிரதி அவருக்குக் காட்டப்பட்டது. அது இன்று டப்ளினில் திரித்துவக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது, அவர் காலத்திலேயே எழுதப்பட்டது. 1522இல் மூன்றாம் பதிப்பில் சேர்த்துவிட்டார். அங்கிருந்து 1611இன் ஆங்கில வேதாகமத்துக்கும், பிறகு நம் வீடுகளில் இருக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்புக்கும் வந்தது. மார்ட்டின் லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அதைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரித்துவத்தை அவர் ஒருநாளும் மறுத்தவரல்ல.

இப்போது உங்கள் நண்பர் அடுத்துச் சொல்லக்கூடியது, “அப்படியானால் உங்கள் வேதம் மாற்றப்பட்டது” என்பது. இங்கே அவசரப்படாமல் யோசியுங்கள். இது சேர்க்கை என்று நமக்கு எப்படித் தெரிந்தது? புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டுமே 5,000க்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள், சில முழுமையாகவும் பல துண்டுகளாகவும், வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நூற்றாண்டுகளில் எழுதப்பட்டுக் கிடைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கை கட்டுப்படுத்தவில்லை. ஓரிடத்தில் ஒருவர் ஒரு வரியைச் சேர்த்தால், வேறிடத்துப் பிரதிகள் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுத்தும் இருக்கின்றன. இந்த ஒரு வாக்கியம் பிடிபட்டதே மற்றவற்றைச் சோதிக்க வழி இருக்கிறது என்பதற்குச் சாட்சி. மாற்கு 16:9–20, யோவான் 7:53–8:11 ஆகிய பகுதிகளுக்கும் இதுபோன்ற கேள்வி உண்டு. நல்ல பதிப்புகளில் அடிக்குறிப்பாகவே அச்சிட்டிருக்கிறார்கள். யாரும் மறைக்கவில்லை. அடிக்குறிப்பை வாசிக்க நாம்தான் பழகவில்லை.

உங்களுக்கு நேர்ந்த இடறல் எங்கே என்று சொல்லட்டுமா? உங்கள் விசுவாசம் முழுவதையும் ஒரே ஆணியில் மாட்டியிருந்தீர்கள். ஆணி கழன்றதும் எல்லாம் விழுந்ததுபோல இருந்தது. இதில் உங்களைக் குற்றப்படுத்த மாட்டேன். வேதத்தை வசனம் வசனமாக உதிர்த்துக் கொடுத்தே உங்களை நாங்கள் வளர்த்தோம். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம், புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை, சுவரில் காலண்டர் வசனம். எரேமியா 29:11 எத்தனை வீடுகளில் சட்டம் போட்டுத் தொங்குகிறது! “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அதற்கு முந்தைய வசனத்தில் எழுபது வருஷம் என்று இருப்பதை அந்த வீடுகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, “சீக்கிரம் திரும்பிவிடுவீர்கள் என்று சொல்லும் தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள், அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள்” என்று எரேமியா எழுதிய கடிதம் அது. கடிதத்தைப் பெற்றவர்களில் பலர் சொந்த ஊரைப் பார்க்காமலே இறந்திருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் அந்த வாக்குத்தத்தம் சிறுத்துப் போகாது. ஆண்டுக்கணக்கில் வேலை கிடைக்காத ஒருவருக்குச் சொல்லக்கூடிய பலம் அதற்கு அப்போதுதான் வரும்.

வசனத்தை உதிரியாக எடுப்பதன் ஆபத்தை வேதமே காட்டுகிறது. வனாந்தரத்தில் பிசாசு இயேசுவிடம் வசனம் சொல்லித்தான் பேசினான். மத்தேயு 4:6ஐயும் அவன் எடுத்த சங்கீதம் 91:11ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி” என்ற சொற்கள் மத்தேயுவில் அவன் வாயில் இல்லை. தேவனுடைய வழியில் நடக்கிறவனுக்குச் சொன்னதை, ஆலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்லத் திருப்பிவிட்டான். இயேசு மூன்று முறையும் பதில் சொன்னது உபாகமத்திலிருந்து. 8:3, 6:16, 6:13. இந்த மூன்றும் இஸ்ரவேலர் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டதை நினைவூட்டும் அதிகாரங்களில் இருக்கின்றன. நாற்பது நாள் வனாந்தரத்தில் இருந்தவர் வாயிலிருந்து அவை வந்தன. அந்தப் புத்தகத்தின் ஓட்டம் முழுவதும் அவருக்குள் இருந்தது.

சரி, அந்த வசனம் இல்லாமல் திரித்துவத்தைச் சொல்ல முடியுமா? முடியும், இன்னும் நன்றாகவே முடியும். 325இல் நிசேயாவில் சபைச் சங்கமாகக் கூடிய ஆயர்களும், அதற்குப் பின் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுவும், குமாரனின் தெய்வத்துவத்துக்காகப் போராடியபோது இந்த வாக்கியத்தை எடுக்கவில்லை. எடுக்க அவர்கள் கையில் அது இருக்கவுமில்லை. குமாரன் படைக்கப்பட்டவர் என்று சொன்ன ஆரியுவின் பக்கத்தாரும் வசனம் காட்டியவர்கள்தான், நீதிமொழிகள் 8:22ஐயும் “என் பிதா என்னிலும் பெரியவர்” என்ற யோவான் 14:28ஐயும் காட்டினார்கள். ஐந்து முறை நாடுகடத்தப்பட்ட அத்தனாசியு, அந்த வசனங்களை ஒளிக்காமல், அவை வருகிற முழுப் பகுதியோடு வைத்து வாசித்துக் காட்டினார்.

உங்கள் நண்பரோடு உட்காரும்போது நான் எடுக்கச் சொல்வது உபாகமம் 6:4. “இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்.” இதில் உங்களுக்கும் அவருக்கும் சண்டையே இல்லை. யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் அறிக்கை இது. யூதனாகப் பிறந்து இதைச் சொல்லி வளர்ந்த பவுல், 1 கொரிந்தியர் 8:6இல் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். “பிதாவாகிய ஒரே தேவன் நமக்குண்டு” என்று தொடங்கி, “இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரும் நமக்குண்டு” என்று முடிக்கிறார். அந்தப் பழைய அறிக்கையில் இருக்கும் ‘தேவன்’, ‘கர்த்தர்’, ‘ஒருவர்’ என்ற சொற்களையே எடுத்து, அதற்குள்ளேயே இயேசுவை வைக்கிறார். இரண்டாவது கடவுளை வெளியிலிருந்து கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தவில்லை. இந்த நிருபம் ஏறக்குறைய கி.பி. 55இல் எழுதப்பட்டது, சிலுவை மரணத்துக்குச் சுமார் 25 ஆண்டுகளுக்குப் பின். “நிசேயாவில்தான் இயேசுவைக் கடவுளாக்கினார்கள்” என்று யாராவது சொன்னால், 270 ஆண்டுகள் முந்திய இந்தக் கடிதத்தை அவர்கள் முன் வைக்கலாம்.

இன்னொன்று. பிலிப்பியர் 2:10இல் “இயேசுவின் நாமத்தில்… முழங்கால் யாவும் முடங்கும்” என்று வருகிறதல்லவா? அதை ஏசாயா 45:23க்குப் பக்கத்தில் வையுங்கள். “முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும்” என்று அங்கே கர்த்தர் தம்மைப் பற்றியே சொல்கிறார். ஏசாயாவில் அந்த அதிகாரம் முழுவதும் “என்னைத்தவிர வேறே தேவன் இல்லை” என்பதே பல்லவி. வேதத்திலேயே மிகக் கண்டிப்பாக ஒரே தேவனைப் பற்றிப் பேசும் பகுதிகளில் ஒன்றிலிருந்து எடுத்து இயேசுவுக்குச் சூட்டியிருக்கிறார்கள் முதல் விசுவாசிகள். இதை முதன்முதலில் கண்டுகொண்ட மாலையில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த பத்து வசனங்களைவிட இந்த ஒரு இணைப்பு எனக்குள் ஆழமாக வேர்விட்டது. ஒரு வசனத்தை நீக்கினால் இது ஆட்டம் காணாது, ஏனென்றால் இது நிற்பது வேதத்தின் பின்னல்மேல். மத்தேயு 28:19இல் “பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே” என்று ஒருமையில் இருப்பதும், தோமா “என் ஆண்டவரே! என் தேவனே!” என்றபோது இயேசு அவரைத் திருத்தாமல் விட்டதும் இந்தப் பின்னலில் சேரும்.

நண்பர் யோவான் 14:28ஐக் கேட்பார், அந்த நாளைக் குமாரனும் அறியார் என்கிற மாற்கு 13:32ஐயும் கேட்பார். கேட்கட்டும். அவற்றை நீங்களே முதலில் அவருக்குத் திறந்து காட்டினாலும் நல்லது. “அடிமையின் ரூபமெடுத்து” தம்மை வெறுமையாக்கினார் என்கிற பிலிப்பியர் 2:7ஓடு சேர்த்து அவற்றைப் பேச வேண்டும். கடினமான வசனத்தை மறைத்து வைத்துக்கொண்டு பேசுகிறவனை யாரும் நம்ப மாட்டார்கள். நம்பவும் கூடாது.

நம் மொழியிலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1850இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தமிழ் வேதாகமம் வந்தது. வெஸ்லியன் மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு அந்த மொழிபெயர்ப்பில் உழைத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர், உறுதியான சைவர். வேதத்தைத் தமிழாக்கும் வேலையில் வரிவரியாக அதை அவர் கற்றார். மிஷனரிகள் சைவக் கோயில் வழிபாட்டைப் பழித்து எழுதியபோது, 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதினார். பலி, தூபம், அபிஷேகம், பண்டிகை எல்லாம் உங்கள் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கின்றனவே என்று வேதத்தை எடுத்தே கேட்டார். கேள்வி கூர்மையானது. லேவியராகமத்தைத் தாண்டிப் புரட்டிப்போன கிறிஸ்தவருக்கு அதற்குப் பதில் தெரிந்திருக்காது. பதில் இருக்கிறது, எபிரெயர் 9, 10 அதிகாரங்களில். ஆனால் லேவியராகமம் தெரியாமல் எபிரெயர் விளங்காது. நம் நம்பிக்கைக்கு வெளியே நின்ற ஒருவர் நம் வேதத்தை அத்தனை உழைப்போடு கற்றார். உங்கள் நண்பரும் இரவில் உட்கார்ந்து தேடிப் படித்துவிட்டுத்தான் மறுநாள் வந்திருக்கிறார். அந்த உழைப்புக்கு நாம் மரியாதை செலுத்த வேண்டும்.

வெளியிலிருந்து வரும் கேள்விகளைவிட எனக்கு அதிகக் கவலை உள்ளே இருக்கிறது. 3 யோவான் 2ஆம் வசனம், காயு என்ற நண்பருக்கு மூப்பர் எழுதிய நலம் விசாரிப்பு. “எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்.” நாம் கடிதத்தில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதுவது போல. அதை மேடையில் பிடித்துக்கொண்டு, விசுவாசித்தால் வியாதியும் கடனும் வராது என்று ஏழைகளிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வியாதி தீராதபோது “உனக்கு விசுவாசம் போதாது” என்று பழியும் அந்த ஏழைகள்மேல் விழுகிறது. இப்படி நொறுங்கிப் போனவர்களின் வீடுகளில் நான் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அந்த ஒரு பக்கக் கடிதத்தை முழுவதும் வாசிக்கத் தெரிந்திருந்தால் அவர்களை யாரும் ஏமாற்றியிருக்க முடியாது.

அம்மா சொன்னதற்கு வருகிறேன். அம்மாவை மறுத்துப் பேசாதீர்கள். ஜெபத்தில் ஊறிய விசுவாசம் அவர்களுடையது, படித்தவர்கள் பலரிடம் நான் காணாதது. வாதத்தில் ஜெயித்து நண்பரை இழப்பதில் பயனில்லை என்பதும் சரிதான். ஆனால் கேள்வி கேட்கிறவருக்குப் பதில் சொல்வது வாதம் பண்ணுவதாகாது. 1 பேதுரு 3:15ஐ எடுத்துப் பாருங்கள். “உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்.” ‘உத்தரவு’ என்றால் இன்று நமக்குக் கட்டளை. அந்த மொழிபெயர்ப்பு எழுந்த காலத்தில் அதற்குப் பதில் என்றும் பொருள். கிரேக்கத்தில் இருக்கும் சொல் ‘அப்பொலொகியா’, வழக்கு மன்றத்தில் ஒருவர் தம் பக்கத்தை எடுத்துச் சொல்வது. ‘நம்பிக்கை’யும் அங்கே விசுவாசத்தைக் குறிக்கவில்லை. நாளைக்காக எதிர்பார்த்திருப்பதைக் குறிக்கிறது. திருவிவிலியம் ‘எதிர்நோக்கு’ என்ற சொல்லால் அதைத் தெளிவாக்குகிறது. இந்த நிருபத்தைப் பெற்றவர்கள் பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா நாடுகளில் சிதறி வாழ்ந்த சிறு கூட்டத்தார். அவர்களில் முரட்டு எஜமான்களிடம் வேலை செய்த அடிமைகளும் உண்டு. இப்படித் துன்பப்படுகிறவன் முகத்தில் எதிர்பார்ப்பு எப்படி வந்தது என்று பிறர் வியந்து கேட்பார்கள், அப்போது சொல்ல ஆயத்தமாயிரு என்கிறார் பேதுரு. நம் தமிழ் வசனத்தை நாமே சரியாக விளங்கிக்கொள்ளவும் படிப்பு வேண்டியிருக்கிறது, பாருங்கள். எளிய விசுவாசம் போதாதா என்று கேட்டீர்கள். இரட்சிப்புக்குப் போதும். நண்பர் கேட்ட கேள்விக்குப் போதாது.

எங்கே தொடங்குவது? யூடியூபில் விவாத வீடியோக்களிலிருந்து தொடங்காதீர்கள். அங்கே கற்பது எதிராளியை மடக்கும் வித்தை. மாற்கு சுவிசேஷத்தை ஒரே அமர்வில் வாசியுங்கள். 16 அதிகாரம், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குறிப்பெடுக்க வேண்டாம், கதையாக வாசியுங்கள். இவர் யார் என்ற கேள்வியை அந்தப் புத்தகமே அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுப்பிக்கொண்டு போவதைக் காண்பீர்கள். இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனின் பாவத்தை மன்னித்ததும், “தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்?” என்று வேதபாரகர் நினைக்கிறார்களே, அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அடுத்த வாரம் அதே சுவிசேஷத்தை மெதுவாக, ஒரு நாளைக்கு அரை அதிகாரம். பழைய மொழிபெயர்ப்பும் திருவிவிலியமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. பழைய ஏற்பாட்டு மேற்கோள் வரும்போதெல்லாம் அந்த மூல அதிகாரத்துக்குப் போய் முழுவதும் வாசித்துவிட்டு வாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி தூரம் கடந்துவிட்டீர்கள். மாற்குக்குப் பின் உபாகமம், அதன்பின் ரோமர். தனியாகப் படிக்க வேண்டாம். உங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரும் அதில் இருந்தால் நல்லது. ஆயரிடம் கேள்வி கேளுங்கள். தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லும் ஆயர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டு “காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று” தினந்தோறும் ஆராய்ந்தார்கள், அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17:11. நான் எழுதியதையும் அப்படியே சரிபாருங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. நாளைக்கே நண்பரிடம் போய், “நீங்கள் சொன்னது சரி, அந்த வாக்கியம் பிற்காலச் சேர்க்கைதான். எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன்” என்று சொல்லுங்கள். அவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். பிறகு, உபாகமம் 6:4ஐயும் 1 கொரிந்தியர் 8:6ஐயும் ஒரு நாள் சேர்ந்து வாசிப்போமா என்று கேளுங்கள். அவர் தம் வேதத்திலிருந்து ஒரு பகுதியை உங்களோடு வாசிக்க விரும்பினால் சம்மதியுங்கள். அவர் அடுத்து என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள். யோவான் 14:28 என்றுதான் நினைக்கிறேன். அந்த அதிகாரத்தை 13ஆம் அதிகாரத்தின் கால்கழுவுதலிலிருந்து தொடங்கி இப்போதே ஒருமுறை வாசித்து வைத்துக்கொள்ளுங்கள்.